விஜி காய்ச்சிய நூடுல்ஸ்

ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, உப்பைக் குறைக்கவில்லையென்றால் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே டில்லிபாபு தன் கடையில் நின்றபடி ஒரு தட்டு நூடுல்ஸ் தின்றான். சோயா சாஸை வழக்கத்தைவிடத் தாராளமாக ஊற்றிக்கொண்டான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி விஜி அவனை முறைத்தாள்.

"இன்னா மே மொறைக்கிற? பயந்துகினு கீறவனுக்கெல்லாம் உசிரு கெட்டியா நிக்குதா?" என்று சிரித்தான்.

அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகிற சனத்துக்கு அவன் கடையைத் தெரியும். நாலு சக்கரத் தள்ளுவண்டிதான். ஆனால் அவன் இரும்புச் சட்டியை ஒரு வீசு வீசினால் நூடுல்ஸ் மேலே போய்ச் சுருண்டு, ஒரு இழை சிந்தாமல் திரும்பி வந்து விழும். அதைப் பார்ப்பதற்கென்றே நின்று பார்சல் வாங்குகிறவர்கள் உண்டு. இளவயதில் அண்ணா நகரில் ஒரு சைனீஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றவன். ஒவ்வொரு தடவை சட்டியை இறக்கும்போதும் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். கடை முடிவதற்குள் அப்படியே எத்தனை உப்பு உள்ளே போகும் என்று விஜி நினைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நினைப்பதை நிறுத்திக்கொள்வாள்.

விஜிக்குப் பிறந்த ஊர் பருத்திப்பட்டு. அவளுடைய அப்பனும் ஆத்தாளும் ஏரிக்கரை வயல்களில் அடுத்தவர்களுக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களெல்லாம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவள் காலையில் பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய், அங்கிருந்து மாங்காட்டில் ஒரு ஃபிளாட்டுக்குச் சமைக்கப் போவாள். ஃபிளாட்டில் இருந்தது லின் மேடம். தைவான்காரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. ஃபோனில் தன் பாஷையில் பேசுவாள். ஃபோன் அதைத் தமிழில் சொல்லும். "தயவுசெய்து எண்ணெயின் அளவைக் குறையுங்கள்" என்று அது ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொல்லும்போது விஜிக்குச் சிரிப்பு தாங்காது. லின் மேடமும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த மேடத்துக்கும் ரத்தக் கொதிப்பு. அவள் ஊரில் தெருவுக்குத் தெரு நூடுல்ஸ் கடையாம். அதையெல்லாம் தின்று வளர்ந்தவள். இப்போது வாய்க்கு அதே ருசியும் வேண்டும், உடம்பும் கெடக்கூடாது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எள்ளை வெறும் சட்டியில் வறுத்துப் பூண்டோடு அரைப்பாள். எண்ணெய்க்குப் பதிலாக நூடுல்ஸ் வெந்த தண்ணீரையே விட்டு அந்த விழுதைக் கரைப்பாள். கொஞ்சம் வினிகர், மேலே நீளமாகச் சீவிய வெள்ளரிக்காய். உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. இன்னொன்று, கோழி எலும்பும் முள்ளங்கியும் இஞ்சியும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட ரசத்தில் நூடுல்ஸ். மேலே சிவக்க வறுத்த சின்ன வெங்காயம். மாங்காடு மார்க்கெட்டில் முதல்முதலாகச் சின்ன வெங்காயத்தைப் பார்த்தபோது லின் மேடம், காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி அள்ளி மோந்து பார்த்தாளாம்.

விஜி இதைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்தாள். கடைக்குப் போகுமுன் வயிறு நிறைந்துவிட்டால் அங்கே கை வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. டில்லிபாபு ஒரு வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"இது இன்னாது?"

"நூடுல்ஸ்தான்யா. தைவான்ல ரோட்டுக் கடைல போட்றதாம்."

"ரோட்டுக் கடைல இத்த போட்டா கல்லால அடிப்பான். ஆஸ்பத்திரில போட்றத கொணாந்து எனக்கு நூடுல்ஸுன்னு காட்றியா நீ?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவள் விடவில்லை. அடுத்த நாள் மிளகு கூட்டிப் பார்த்தாள். அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தாள். சில நாள் பாதி தின்பான், சில நாள் தொடமாட்டான். ஒருநாள் எள் நூடுல்ஸை முழுசாகத் தின்றுவிட்டு, "எள்ளு வாசன நல்லாத்தான் கீது" என்று முணுமுணுத்தான். அன்றைக்கு அவளுக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் மாத்திரையை மட்டும் அவன் போட்டபாடில்லை. போட்டால் தலை சுற்றுகிறது, சட்டி பிடிக்க முடியவில்லை என்பான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் கடையில் விளக்குப் போடுகிற நேரம். சட்டியை வீசினான். மேலே போனது திரும்பி வந்தபோது பிடிக்கக் கை இல்லை. நூடுல்ஸ் முழுக்க ரோட்டில். சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்தார்களாம். கூடவே கடையில் வேலை பார்த்த சின்னப்பையன்தான் அவன் வாய் கோணியதைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே!" என்று ஓடித் தாங்கினான். சின்னப்பையன் என்பது பேர்தான். அவனுக்கே நாற்பதுக்கு மேல் வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது பாதி டில்லிபாபு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிப் போய், கடைசியில் எதுவும் வராமல் நின்றது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, தொண்டை வேலை செய்யவில்லை. தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகும் என்றார்கள். தண்ணீரைக்கூட மாவு கலந்து கஞ்சி மாதிரிக் கெட்டியாக்கி, உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அங்கிருந்த நர்ஸ் விஜிக்குச் செய்து காட்டினாள். விஜி வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளுக்குச் செய்து காட்டினாள். பகலில் அந்த அம்மாள்தான் அவனைப் பார்த்துக்கொண்டாள். மகள் காவ்யாவைத் திருத்தணியில் கட்டிக் கொடுத்திருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் எத்தனை நாள் வந்து இருக்க முடியும்? விஜி வேலையை விட முடியாது. கடையைச் சின்னப்பையன் நடத்தினான்.

முன்பு தட்டைத் தள்ளிவிட்டவன் இப்போது கொடுத்ததைத் தின்று கிடந்தான். அவன் திட்டமாட்டானா என்று விஜிக்கு ஏக்கமாகிவிட்டது. கேழ்வரகுக் கூழ், மசித்த சோறு, மசித்த பருப்பு. வாயைத் திறப்பான், மூடுவான். ஒருநாள் பக்கத்து வீட்டில் யாரோ நூடுல்ஸ் தாளிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் அவன் கையைத் தூக்கவில்லை.

விஜி லின் மேடத்திடம் போய் அழுதாள். ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். "எங்கள் ஊரில் பல் இல்லாதவர்களும் உண்ணும் நூடுல்ஸ் ஒன்று இருக்கிறது" என்றது ஃபோன். பேர் மீசுவா.

"மீசையா?" என்றாள் விஜி.

தலைமுடி மாதிரி மெல்லிய இழை. குழைய வேகவைத்து, ரசத்தில் மாவு கரைத்துக் கெட்டியாக்கி, ரோட்டோரம் நின்று கரண்டியால் அள்ளித் தின்பார்களாம். மென்று தின்ன வேண்டியதில்லை. அந்த ஊரில் கடல் சிப்பி போடுவார்கள். லின் மேடம் அதற்குப் பதில் காளானைக் கூழாக அரைத்துப் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜி அதைச் செய்தாள். இருக்கிறதிலேயே மெல்லிய சேமியாவை எடுத்து, வேகவைத்து, கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டினாள். முள்ளங்கி ரசத்தில் சோள மாவு கரைத்துக் கிண்டினாள். வறுத்த வெங்காயத்தை வாசனைக்குக் காட்டிவிட்டு எடுத்துவிட்டாள். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினாள். முதல் கரண்டி இறங்கியதும் டில்லிபாபு அவளை நிமிர்ந்து பார்த்தான். அடுத்ததற்கு அவனே வாயைத் திறந்தான். கிண்ணம் காலியானது. கொஞ்ச நேரம் வாயைக் கோணிக்கோணி என்னவோ முயன்றான்.

"உ... உப்" என்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். விஜி சிரித்துக்கொண்டே அழுதாள். "உப்பா? உப்பு கேக்குதா உனுக்கு? இந்த கெதிலயும் உனுக்கு உப்பு கொறச்சலா?" என்று அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கல் வரைக்கும் அப்படி ஓடியது. மார்கழிப் பனியில் சளி பிடிக்காமல் காப்பாற்றினாள். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகினான். அவளை "வி" என்று கூப்பிட்டான்.

தை முடிகிற சமயம் ஒருநாள் அவள் மாங்காட்டில் இருக்கும்போது வேம்புலியம்மாள் ஃபோன் செய்தாள். மூச்சு இழுக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது, உடனே வா என்றாள். விஜி வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். நுரையீரலுக்குள் உணவு போய்ச் சீழ் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு வாரம் போராடிப் பார்த்தார்கள். தேறவில்லை.

வீட்டைக் கழுவும்போது கட்டிலுக்கடியில் அலுமினியத் தாள் பார்சல் ஒன்று கிடந்தது. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த நூடுல்ஸ். அவர்கள் கடையில் கட்டுகிற கட்டு. விஜி அதை யாரிடமும் காட்டவில்லை. காவ்யாவிடம்கூட.

காரியம் முடிந்த மறுநாள் சின்னப்பையன் வந்தான். உள்ளே வராமல் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றான். தாடி மண்டி, கண் உள்ளே போயிருந்தது.

"நீதான் குட்த்தியா?" என்று கேட்டாள் விஜி.

அவன் மறுக்கவில்லை. "அன்னிக்கு பாக்க வந்தேன் அண்ணி. வேம்புலியக்கா கொழாய்ல தண்ணி புடிக்கப் போயிருந்துச்சு. அண்ணாத்தே என் சட்டைய மோந்து பாத்தாரு. கட வாசன. சட்டைய புட்ச்சிகினு உடமாட்டேன்னாரு. மன்சு கேக்கல. ஓடிப்போய் நானே போட்டு எட்த்தாந்தேன்."

"தின்னாரா?"

"அள்ளி அள்ளித் தின்னாரு அண்ணி. அவுரு மொகத்த அப்படி நான் பாத்தது இல்ல. பாதில பொறையேறிச்சு. உடனே ஒரு சொம்பு தண்ணி குட்த்தேன். குடிச்சிட்டாரு. கொஞ்ச நேரத்துல செரியாயிட்ச்சின்னு நெனச்சிகினு கெளம்பிட்டேன்."

தண்ணீர். வெறும் தண்ணீர், ஒரு சொம்பு. அதைக் கொடுக்கவே கூடாது என்று விஜி வேம்புலியம்மாளிடம் சொல்லியிருந்தாள், மகளிடம் சொல்லியிருந்தாள். வாரம் தவறாமல் வந்து போன இவனிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை. அடிக்க ஓங்கிய கை மாதிரி ஒரு கோபம் உள்ளே எழுந்தது. யாரை அடிப்பது என்று தெரியாமல் அது அங்கேயே நின்றது.

"நூடுல்ஸ்தான் கொன்னுட்ச்சா அண்ணி?" என்று கேட்டான் சின்னப்பையன். "சொல்லிடு. நான் இனிமே சட்டிய தொடல."

தெருவில் கியாஸ் வண்டி போனது.

"அவுருக்கு நேரம் வந்துட்ச்சி, போனாரு" என்றாள் விஜி. "போ. போய் கடைய தொற."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. போனான். பங்குனியில் லின் மேடம் ஊருக்குத் திரும்பிவிட்டாள். விஜி இப்போது போரூர் பக்கம் ஒரு வீட்டில் சமைக்கிறாள், இட்லி, சாம்பார், சப்பாத்தி. சின்னப்பையன் கடை நடக்கிறது. மாதாமாதம் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் சொம்பில் தண்ணீர் கேட்டுக் குடிக்கும்போது அவளுக்கு வாய்வரை வரும். தண்ணீரைப் பற்றி அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.