துபாயில் இருந்த என் அப்பா

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நான் ஜெயித்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஆனால் என்னைவிடப் பிரபலமானவர் அப்பாதான். நான் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவார். கேமராவும் அவரையே சுற்றிச் சுற்றி வரும். அதன்பிறகு நாங்கள் ஓட்டலில் நிம்மதியாக ஒரு தோசை சாப்பிட்டதில்லை. தட்டில் கை வைத்தால் போதும், யாராவது செல்ஃபிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

அலுத்துப்போய், பிளஸ் ஒன் படிக்கக் காரைக்குடிக்கு வந்தோம். டிவியில் செல்லப்பெயர், பள்ளியில் முழுப்பெயர். மேக்கப்பும் சவுரியும் இல்லாமல் கண்ணாடி போட்டுப் போன என்னை வகுப்பில் ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரை வாடகை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பக்கத்தில் அதற்குமேல் யாரும் துருவமாட்டார்கள் என்று என் மேதாவி மூளை கணக்குப் போட்டது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் அத்தா, அதாவது அப்பா, நிஜமாகவே துபாயில் வேலை பார்த்தார். அவளுக்குப் பக்கத்து ஊரான புதுவயலில் வீடு. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

"வாராக, வாராகன்னு மூணு பெருநாள் போயிருச்சு" என்றாள் ஒருநாள்.

"எங்கப்பாவும் அப்படித்தான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் அப்பா வீட்டில் எனக்காகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பார். உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் மறுபடியும் டிவிப் பெண்ணாகிவிடுவேன், இப்படி என் கையைப் பிடிக்க ஆள் இருக்காது என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

லீவில் வந்திருந்த அவளுடைய மாமா துபாய்க்குத் திரும்பும் வாரம், "ஒங்கப்பாவுக்கு என்ன குடுத்து விடுறீக?" என்று கேட்டாள். போகிறவர் பெட்டியில் நாலு வீட்டுச் சாமான் போவது அங்கே வழக்கம். ஒன்றும் வேண்டாம் என்று மழுப்பினேன். எங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாமா கிளம்பும் நாளில், அப்பாவின் விலாசத்தை எழுதித் தரச்சொல்லி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கூடத்தில் எடை மெஷின்மேல் சூட்கேஸ். அதற்குள் தேன்குழலும் பருப்புப்பொடியும் கட்டிய பொட்டலம், என் அப்பாவுக்காம். எடை கூடிவிட்டதால் அவளுடைய அம்மா, தன் கணவருக்காகக் காயவைத்துக் கட்டிய உப்புக்கண்டத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்கு அடுத்த தடவை பாத்துக்கிருவோம்மா. ஒங்கப்பாவுக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் குடுத்து விடலையாம்ல" என்றார்.

போட்டி, டிவி, அப்பா இந்த நிமிஷம் காரைக்குடி வீட்டில் இருப்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, அந்த அழுகுற அப்பாவோட மகளா நீ? துபாய்ல எங்க ரூம்ல அம்புட்டுப் பேரும் பாப்போம்" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப, நாம பேசிக்கிட்டு இருந்தப்பல்லாம் ஒங்கப்பா வீட்லதான் இருந்தாகளா?"

"ஆமா."

"நீ போனா தெனமும் கதவு தொறந்து விடுவாகளா?"

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.