ரொம்பக் கேட்டாக

போன வாரம் பாளையங்கோட்டை போயிருந்தேன். அண்ணன் இறந்து ஒரு வருஷம். வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம்.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சபை ஐயர் போன் செய்துவிட்டார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். "தம்பி, அண்ணனைப் பத்தி அஞ்சு வரி எழுதிக் குடுங்க. எழுதுத ஆளு நீங்கதானே!"

வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருலகத்தைப் பற்றியெல்லாம் உங்களிடம் அளக்கிற எனக்கு அஞ்சு வரி வரவில்லை. 'அன்பான மகன், பாசமான சகோதரன்' என்று ஆரம்பித்தேன். செத்தவர்கள் எல்லாருமே அப்படித்தானே? போஸ்டரைப் பார்த்தால், அன்பில்லாத ஆள் ஒருத்தர்கூட நம் நாட்டில் செத்ததில்லை.

மதினி — அண்ணன் மனைவி — எட்டிப் பார்த்தார். "ஒரு நாளும் பொய் சொல்லாதவர்னு போடுங்க தம்பி. எல்லாருக்கும் அப்படித்தான வாசிப்பாக?" சொல்லிவிட்டு ஏனோ சிரித்தார். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

அண்ணன் பஸ் கண்டக்டர். டிக்கெட் கணக்கில் சுத்தமான ஆள். அவனிடம் இருந்த ஒரே கோளாறு, "கேட்டாக".

எங்கள் ஊரில் "உன்னை ரொம்பக் கேட்டாக" என்றால், அக்கறையாக நலம் விசாரித்தார்கள் என்று அர்த்தம். எங்கே போய்விட்டு வந்தாலும் அண்ணன் இதைச் சொல்லாமல் செருப்பைக் கழற்ற மாட்டான். சித்தப்பா கேட்டாக... எதிர்வீட்டு டீச்சர் கேட்டாக... எல்லாரும் எல்லாரையும் கேட்டாக!

அதற்கு ரொம்பத் தேவை வந்தது, திசையன்விளையில் இருக்கும் அக்கா வீட்டுக் கல்யாணத்தில். சம்பந்தி வீட்டார் நடுவில் உட்கார்ந்து பிரியாணியை வாயில் வைத்த அம்மா, "உப்புக் கரிக்கே!" என்றாள். அம்மாவுக்குக் காது மந்தம். ரகசியமாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். பந்தி முழுக்கக் கேட்டது.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவும் இறங்கி வரவில்லை. போனில் சமாதானம் பேசலாமென்றால் அம்மாவுக்குக் கேட்காது.

அண்ணனுக்கு அப்போது திசையன்விளை ரூட். "அக்கா குடுத்துவிட்டா" என்று அம்மாவுக்குக் கருப்பட்டி வந்தது. "அம்மா குடுத்துவிட்டா" என்று அக்காவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போனது. கூடவே, இரண்டு பக்கமும் "ரொம்பக் கேட்டா". பிறகு அவனை வேறு திசையில் இருக்கும் பாபநாசம் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஊறுகாய் வேறொரு கண்டக்டர் கையில் போயிற்று. கருப்பட்டி வருவதும் நிற்கவில்லை. வெளி விசேஷங்களில் பார்த்தால் அம்மாவும் அக்காவும் சிரித்துக்கொள்ளும் அளவுக்கு ஆறியது.

பிறகு ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்... எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. அடக்கத்துக்கு வந்துபோன அக்கா, எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இது இப்படியே முடிந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

ஜெபத்துக்கு அக்கா வந்தாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மதினி காபி கொண்டுவந்தார். அம்மா ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அவன் போனதும் நீ கருப்பட்டி குடுத்துவிடுததையும் நிறுத்திட்டியே!"

அக்கா முழித்தாள். "கருப்பட்டியா? நீ மட்டும் என்னவாம்? ஊறுகாயை நிறுத்தலியா?"

இப்போது அம்மா முழித்தாள். மதினி காபித் தட்டைக் கீழே வைத்தார். என் காதருகே குனிந்தார். "ரெண்டும் அவுக வாங்கினதுதான் தம்பி. கருப்பட்டில கடை லேபிளைப் பிச்சுட்டு, ஊறுகாயை நம்ம பாட்டில்ல மாத்திக் குடுத்துவிடுவாக. வாயைத் திறந்துராதிய!"

போச்சு, இன்னொரு பிரியாணி... என்று நினைத்தேன்.

அக்கா சுவரில் இருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினாள். "வாற சனிக்கிழமை நானே கொண்டாரேம்மா!"

"வா. ஊறுகா போட்டு வைக்கேன்" என்றாள் அம்மா. டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்கிறவள், ஊறுகாய் போடப்போகிறாளாம்!

அக்கா குளிக்கப் போனபோது அம்மா காதில் வாயை வைத்துக் கேட்டேன். "அக்காதான் அனுப்புதான்னு நிசமாவே நம்புனியா?"

"பாபநாசம் பஸ்சுல திசையன்விளைக் கருப்பட்டி எப்படிலே வரும்? அதுவும் சீனி கலந்தது! மார்க்கெட்ல எவனோ அவனை ஏமாத்தியிருக்கான்."

"பின்ன ஏன் கேக்கல?"

"பிள்ள ஆசையா வந்து சொல்லுதான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு, பொய்யின்னு எப்படிலே சொல்ல?" அழுதாள். "இப்ப வந்து சொல்ல ஆளில்ல. அதான் நானே வாயத் திறந்து கேட்டேன். கேட்டாத்தானலே அவ வருவா?"

நானும் அழுதேன். அவன் இல்லாத அந்த வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பேச்சை மாற்ற நினைத்து, "என் பத்தியை வாராவாரம் வாசிக்கச் சொல்லி ரொம்பக் கேட்பியாமே? அண்ணன் சொல்லுவான்" என்றேன்.

"எந்தப் பத்திலே? கொசுபத்தியா?"

அடப்பாவி அண்ணா! எனக்குமா?

சாயங்காலம் ஐயர் என் அஞ்சு வரியை வாசித்தார். மைக் தேவைப்படாத குரல். "ஒரு நாளும் பொய் சொல்லாதவர்..." முதல் 'ஆமென்' அம்மாவிடமிருந்து வந்தது, தெருவுக்கே கேட்கும்படி. அடுத்தது அக்கா. மதினி சேலைத் தலைப்புக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை அக்கா அம்மா வீட்டிலிருந்து போன் செய்தாள். "கருப்பட்டி கொண்டாந்துட்டேம்லே. அம்மா உன்னை ரொம்பக் கேட்டா. உன் பத்தியை வாசிக்கச் சொல்லி, கேட்டுக்கிட்டே அழுதுட்டா, பாத்துக்கோ!"

எந்தப் பத்தி என்று நான் கேட்கவில்லை.