தூக்காத கை

கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் ஹாக்கி பழகியது ஒரு மனைப்பிரிவில். நெல் வயலை மேடாக்கி, கல் நட்டு, வீடு எழும்பாமல் கிடந்த இடம். அந்த மனைக் கற்கள்தான் எங்களுக்குக் கோல் கம்பங்கள். விசில் ஊத ஆள் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஹாக்கியில் பந்து காலில் படக்கூடாது. பட்டுவிட்டால், பட்டவளே கையைத் தூக்கிவிட வேண்டும். பட்டவளுக்குத்தானே தெரியும்? கை உயர்ந்ததும் ஆட்டம் நிற்கும், அப்புறம் பேச்சே இல்லை. பரீட்சையில் பிட் அடிக்கிறவள்கூட அங்கே ஒழுங்காகக் கையைத் தூக்கினாள்.

எங்கள் கோல் கீப்பர் பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டுப் பெண். என் வகுப்பு, என் பெஞ்சு. கீப்பர் காலில் கட்டும் பேடுகளை ஊரில் படகுமேல் காயவைத்து எடுத்து வருவாள்.

"கருவாட்டுக்குக் காலு மொளச்சி வருது பாருங்கடி" என்பேன்.

"வாய மூட்றி, கரும்புக் கட்டு" என்பாள். எங்கள் வீட்டில் கரும்பு சாகுபடி. நானும் அப்போது கரும்பு மாதிரி நெட்டையாக இருப்பேன்.

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். ரயிலில் இரண்டு நாள். அங்கே போனதும் ஆளுக்கொரு அணியில் போட்டுவிட்டார்கள். எங்கள் இரண்டு அணிகளும் மோதிய கடைசி ஆட்டம் முடிய சில நிமிடமே இருந்தது. நான் அதுவரை உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. அவளோ வந்த பந்தையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தாள். அவளை எடுப்பார்கள், நான் கரும்பு வெட்டத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போது பக்கவாட்டிலிருந்து வேகமாக வந்த பந்து என் இடது காலில் பட்டு, என் முன்னாலேயே விழுந்தது. நடுவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவர் பார்க்கவில்லை. எதிரே இருந்த அவள் பார்த்தாள். பார்த்ததும் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். காலைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, ஆட்டம் முடிந்த மாதிரி நின்றுவிட்டாள். எங்கள் மனைப்பிரிவில் அப்படித்தான் நிற்போம்.

விசில் வருமா என்று ஒரு கணம் காத்திருந்தேன். வரவில்லை. வராதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. பந்தை அவளுக்குப் பக்கத்தில் மெதுவாகத் தள்ளினேன். கோல்.

"விசிலுக்கு முன்னாடியே நிக்கிற கீப்பர் நமக்கு எதுக்கு?" என்று தேர்வாளர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். அவளுக்கும் கேட்டது. பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

திரும்பும் ரயிலில் அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வழியில் வாங்கிய புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். நான் அதையும் தின்றேன்.

அதன்பிறகு இந்தியாவுக்காகப் பல வருடம் ஆடினேன். வெளிநாட்டு மைதானங்களில், சந்தேகம் வந்தால் பெரிய திரையில் மறுபடி ஓட்டிக் காட்டுவார்கள். யார் காலைக் காட்டினாலும் நான் திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். குறுகுறுத்ததே தவிர, திருந்தவில்லை. ஒரு டிவி பேட்டியில், வாழ்க்கையை மாற்றிய தருணம் எது என்று கேட்டார்கள். "செலக்ஷன்ல ஒரு கோல் போட்டேன். கீப்பர் கொஞ்சம் அசந்துட்டாங்க, நான் தட்டிட்டேன்" என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். ரோட்டோரம் என் முகம் போட்ட பேனர். சால்வை, மாலை, பேச்சு. கூட்டத்தில் அவளைத் தேடினேன். வரவில்லை. மறுநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நல்லவாட்டுக்குப் போனேன்.

படகுகள் வந்து சேர்ந்திருந்த நேரம். மணலில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இந்தியாவே எங்க ஊருக்கு வந்துக்கிது" என்றாள். கை நிற்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு என் கால்ல பட்டுச்சிடி."

"தெரியும்."

"நான் கையத் தூக்கல."

"அதுவும் தெரியும். அதுக்கு எப்பவோ அழுது முடிச்சிட்டேன், வுடு." சங்கரா மீனை ஒரு கூடையிலும் நண்டை ஒரு கூடையிலும் போட்டாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "டிவில இன்னா சொன்ன நீ? கீப்பர் அசந்துட்டாங்கன்னு. அந்த கீப்பர் நான்தான்னு இந்த ஊருக்கே தெரியும். எம் பொண்ணு என்னாண்ட வந்து, 'அசந்துட்டியாம்மா'ன்னு கேக்குது."

நான் கூடைப் பக்கம் குனிந்துகொண்டேன்.

"நான் அசரலடி," என்றாள். "உன் கையப் பார்த்துக்கினு நின்னேன்."