வேலிக்கு முன்னால் ஒரு பட்டைச் சரளை

மலேசியாவில், கிள்ளானில் நான் கல் லோரி ஓட்டுகிறேன். என் மகள் தேவிகா பள்ளி சாஃப்ட்பால் அணியில், மைதானத்தின் கடைசியில் வேலிப் பக்கம் நின்று ஆடுபவள்.

பள்ளி மைதானத்தில் நடந்த ஒரு போட்டியில், உயரே பறந்த பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடினாள். கம்பி வேலி நெருங்கியது. பதறிப்போய், "வேலி! வேலி!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தாள், பந்து கீழே விழுந்தது. ஆட்டமும் போனது.

வீடு திரும்பும்போது பொரிந்து தள்ளினாள். "கத்தாதீங்கப்பா! பந்துலேர்ந்து கண்ண எடுத்தா அவ்ளோதான். நல்ல ஃபீல்டுல வேலிக்கு முன்னால புல் இல்லாம சரளை போட்டிருப்பாங்க. பேஸ்பால்ல அத 'வார்னிங் ட்ராக்'னு சொல்வாங்க. கால் பட்டதுமே வேலி கிட்ட வந்துட்டோம்னு தெரிஞ்சிரும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஹைவேயின் ஓரக்கோட்டில் டயர் ஏறினால் ஸ்டீயரிங் அதிருமே, அதேதான்!

பள்ளியில் அனுமதி கேட்டேன். எல்லாரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் நாளில், என் லோரியில் பொடிச் சரளை வந்திறங்கியது. பெற்றோர்கள் சேர்ந்து வேலியோரம் பரப்பினோம்.

அடுத்த போட்டியிலும் அதே மாதிரி ஒரு பந்து. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். புல்லில் ஓடிவந்த காலணி சரளையில் நறநறத்தது. தேவிகா வேகத்தைக் குறைத்தாள், ஒரு கையை நீட்டி வேலியைத் தொட்டாள், மறு கையால் பந்தைப் பிடித்தாள். கண் பந்தைவிட்டு விலகவே இல்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பக்கத்திலிருந்தவர், "என்ன அண்ணே, இன்னிக்கு உங்க சத்தத்தையே காணோம்?" என்றார்.

வேலியோரச் சரளையைக் கை காட்டினேன். "என் சத்தம் அங்க கெடக்குது லா."