கொய்யாவுக்கு இரண்டு ஷிப்டு

கேன் தண்ணீர் போடும் குட்டியானை வண்டி ரிவர்ஸ் எடுத்தபோது எங்கள் கொய்யாக் கன்று அதன் வழியில் நின்றது. தப்பு கொய்யாவின் மேல்தான் என்பதுபோல் டிரைவர் அதை முறைத்துவிட்டுப் போனார். முழங்கால் உயரத்தில் தண்டு பிளந்து, தலை தரையில் கிடந்தது.

நான் அழுதுவிட்டேன். வாடகை வீடுகளில் ஒரு துளசித் தொட்டி வைக்கவே அனுமதி கேட்டு நின்றவள் நான். கவரைப்பேட்டையில் சொந்த வீடு கட்டி, யாரையும் கேட்காமல் நட்ட முதல் மரம் அது.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். உடைந்தது எதுவானாலும் அவருக்கு அது மெஷின்தான். பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்தார். தண்டை நிமிர்த்தி, பிளவில் களிமண் அப்பி, பைப்புக்குள் வைத்தார். கட்டுவதற்குப் பழைய புடவை கேட்டார். நான் தேடி எடுப்பதற்குள் என் தீபாவளிப் புடவையின் முந்தானை கொய்யாவுக்குக் கட்டாகியிருந்தது.

அத்தனைக்குப் பிறகும் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நானும் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

அவருக்கு இரவு ஷிப்டு. எனக்கு வேறொரு கம்பெனியில் பகல் ஷிப்டு. நான் ஓவர்டைம் முடித்து வருவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். காலையில் தெருமுனையில் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் என் பஸ்ஸில் ஏறுவேன். கையை ஆட்டிக்கொள்வதோடு அன்றைய குடித்தனம் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதிசயமாகப் பகலில் விழித்திருந்தார். நான் வாளியோடு போனால், அவர் இன்னொரு வாளியோடு அங்கே நிற்கிறார்.

"இன்னா, நீயும் ஊத்துறியா?"

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் ஊற்றியிருக்கிறேன். அவரும் அப்படியே. அடிபட்ட கன்று என்று பரிதாபப்பட்டு, பக்கத்து வீட்டு அக்கா மதியம் வேறு ஊற்றியிருக்கிறார். மண்ணைக் கிளறினால் சேறு நாறியது. வண்டி விட்டுவைத்ததை நாங்கள் மூழ்கடித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கம்பெனியில் எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அடுத்த ஷிப்டு ஆளிடம் சொல்லாமல் இந்த மனிதர் கேட்டைத் தாண்ட மாட்டார்.

"அங்க எவன் எவன்கிட்டயோ சொல்லிக்கினு வர்றீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?" என்றேன். வாளியைத் தரையில் நங்கென்று வைத்தேன். நான் கொய்யாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவருக்கும் புரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்து நின்றார். நேற்று ஊற்றவில்லை, மண் இன்னும் ஈரம், நீயும் ஊற்றாதே என்று ஒப்பித்தார். என் பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். தினமும் இதே கூத்து நடந்ததில், எங்கள் பேச்சு முடிந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று டிரைவருக்கே பழகிவிட்டது.

இலை உதிர்வது நின்றது. கட்டுக்கு மேலே துளிர் வந்தது. இப்போது மரம் மதிலைத் தாண்டிவிட்டது. நாங்கள் தண்ணீர் ஊற்றுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

போன மழைக்குத் தெருமுனையில் முட்டி அளவு தண்ணீர். பேன்ட்டை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் என் பஸ்ஸின் படிக்கட்டுவரை நடந்து வந்தார்.

"இன்னிக்கு ஊத்தாத," என்றார்.