லட்சுமணன் மாதிரியே

பானுப்பிரியாவுக்கு யாரைப் பார்த்தாலும் அவர்கள் நடையும் முகமும் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கான இரும்புத் தகடுகளைப் பிரஸ் மெஷினில் அழுத்தி வளைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் காண்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசர் எத்திராஜ் வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு வருவதையும், ஹெச்.ஆர். அதிகாரி ஸ்ரீநாத் பேச ஆரம்பிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதையும் அவள் கேன்டீனில் செய்துகாட்டினால், ஆட்கள் தட்டில் சோறு காய்வது தெரியாமல் சிரிப்பார்கள். புருஷன் விட்டுப்போன பிறகு மண்ணூர்பேட்டையில் ஒற்றை அறையில் மகளோடு காலம் தள்ளியவளுக்கு, அந்தச் சிரிப்புதான் நாளில் கிடைத்த கொஞ்சம் நல்ல பொழுது.

மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்துக்கு ஸ்ரீநாத் ஒரு நாடகம் எழுதினார். ஜெகன் என்று ஒரு பிரஸ் ஆபரேட்டர். நல்ல மனுஷன், குடும்பஸ்தன். ஒருநாள் மெஷின் ஓடும்போது செல்போனை எடுத்துப் பார்க்கிறான். விரல்கள் போகின்றன, குடும்பம் நிலைகுலைகிறது. அவ்வளவுதான் கதை. ஜெகனாக நடிக்க ஆண்கள் யாரும் முன்வரவில்லை. போன ஜூலையில்தான் அவர்கள் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர் லட்சுமணனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

"நான் பண்றேன் சார்" என்றாள் பானுப்பிரியா. நாடகத்தில் வரும் சூப்பர்வைசர் வேஷத்தை அவளுடைய தோழி ஜீவா எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகையில் வசனமெல்லாம் வந்தது, ஆள்தான் வரவில்லை. எங்கே நின்று பேசினாலும் காக்கிச் சட்டை போட்ட பானுப்பிரியாவாகவே இருந்தாள். இரண்டு மூன்று நாள் திணறிவிட்டு, கடைசியில் லட்சுமணனை எடுத்துக்கொண்டாள். நான்கு வருஷம் அவர் பக்கத்து மெஷினில் நின்றவள் அவள். ஷிப்ட் தொடங்கும்போது மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கர்ச்சீப்பால் பிடரியைச் சுற்றித் துடைப்பார். முதல் தகடு சரியாக வந்துவிட்டால் "அப்டி வா ராஜா" என்பார். இந்த மூன்றும் வந்ததும் ஜெகனுக்கு உயிர் வந்துவிட்டது. ஸ்ரீநாத் கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தன்று குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அவள் அட்டையில் செய்த மெஷினைத் தொட்டு ஒற்றிக்கொண்டதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. "ஏய், நம்ம லட்சுமணன்டா" என்று யாரோ சொன்னார்கள். பிடரியைத் துடைத்தபோது சிரிப்பு அடங்கி, எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு போன் மணி அடித்தது. எடுத்தாள், பார்த்தாள், மெஷின் இறங்கியது. அவள் கத்தவில்லை. கையிலிருந்து ஏதோ நழுவி விழுந்துவிட்டதைப்போலக் குனிந்து தரையில் தேடினாள். லட்சுமணன் அன்றைக்கு அப்படித்தான் தேடினார். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். எத்திராஜ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கைதட்டல் நிற்கவே இல்லை. குனிந்து வணங்கி நிமிர்ந்தபோதுதான் பின்வரிசையில் லட்சுமணன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி அகல்யா. அவள் மேடையைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபத்துக்குப் பிறகு லட்சுமணனைக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பானுப்பிரியா உள்ளே நுழையும்போது கூப்பிட்டார்.

"நல்லா பண்ண பானு."

"அண்ணே, அது ஜெகன்னு சும்மா ஒரு கத..."

"இன்னா ஜெகன்? நான் மெஷின தொட்டுக் கும்புடறது, கழுத்த தொடைக்கறது, அல்லாம் அப்டியே கீது. அதான் போனையும் நம்பிட்டாங்க." அவர் குரலில் கோபமே இல்லாதது அவளைக் கலக்கியது. "ஊட்டுக்குப் போனதும் அகல்யா கேக்குறா. மெய்யாலுமே போன் பாத்துகினுதான் இருந்தியான்றா. இத்தினி மாசமா நான் சொன்னத நம்புனவ அவ ஒருத்திதான்."

அவர் போன் பார்க்கவில்லை என்பது பானுப்பிரியாவுக்குத் தெரியும். அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்கும்; கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அன்றைக்கு அவசர ஆர்டர். ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டட்டும் என்று எத்திராஜ் ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிட்டார். அவள் கண்ணெதிரில்தான் ஒட்டினார். விபத்துக்குப் பிறகு கம்பெனி நடத்திய விசாரணையில் அவளைக் கேட்டபோது, "என் வேலையில இருந்தேன் சார், நிமிர்ந்து பாக்கல" என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டு வந்தாள். காண்ட்ராக்ட் ஆளுக்கு வேறென்ன சொல்ல முடியும் என்று அப்போது தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று கம்பெனி முடித்துவிட்டது; அதை எதிர்த்து லட்சுமணன் தொழிலாளர் அலுவலகத்தில் போட்ட மனு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

இதற்குள் நாடகம் எஸ்டேட் கம்பெனிகளுக்கிடையிலான போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. அவள் ஸ்ரீநாத்திடம் போனாள்.

"சார், அந்த போன் சீன எடுத்துடலாமா?"

"அதுதான் நாடகமே. எடுத்துட்டா என்ன இருக்கு? போன் பாக்காதவங்க யாரு இங்க? நாலு பேர் திருந்தினாக்கூட நல்லதுதானே."

"எல்லாரும் லட்சுமணண்ணன்னு நெனைக்கிறாங்க சார்."

"நான் ஜெகன்னுதான் எழுதியிருக்கேன், பானுப்பிரியா. லட்சுமணனைக் கொண்டுவந்தது நீங்க."

சரி, லட்சுமணனை விட்டுவிடுவோம் என்று அடுத்த ஒத்திகையில் வெறும் வசனத்தை மட்டும் பேசினாள். நாடகம் செத்துப்போனது. ஜீவா கொட்டாவி விட்டாள். "முன்னாடி மாதிரி பண்ணுங்க, ப்ளீஸ்" என்றார் ஸ்ரீநாத்.

போட்டி நாளன்று அரங்கம் முழுக்க நீலம், சாம்பல், பச்சை என்று விதவிதமான கம்பெனிச் சட்டைகள். பானுப்பிரியா முன்னாடி மாதிரியேதான் செய்தாள். அட்டை மெஷினைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள், பிடரியைத் துடைத்தாள், "அப்டி வா ராஜா" என்றாள். லட்சுமணனை அறியாத கூட்டமும் அந்த மனுஷனோடு சேர்ந்துகொண்டது. ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. அவள் கை சட்டைப்பைக்குப் போனது. பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓரத்தில் நின்ற ஸ்ரீநாத் கையை ஆட்டினார்.

அவள் அட்டை மெஷினின் இரண்டாவது பட்டனைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணாத்தே, இந்தப் பட்டன்ல டேப் ஒட்டிகீதே, இன்னாத்துக்கு?"

ஜீவாவுக்கு அப்படி ஒரு வசனம் கிடையாது. திகைத்தாள். ஸ்ரீநாத் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மெல்ல வயிற்றை முன்னே தள்ளினாள்.

"லோடு வண்டி வெளிய நின்னுகினு கீது. ஒரு கையில ஓட்டு, சீக்கிரம் முடியும். ஒண்ணியும் ஆவாது."

மெஷின் இறங்கியது. பானுப்பிரியா குனிந்து தரையில் தேடினாள். இந்த முறை யாரும் அழவில்லை. நீலச் சட்டை போட்ட ஒருவர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் போனில் சொல்லிவிட்டார். ஜீவா நிரந்தரத் தொழிலாளி என்பதால் அவளுக்கு மெமோவோடு போயிற்று. ஷாப்பில் எல்லா மெஷினிலும் டேப்பை உரித்துப் போட்டுவிட்டார்கள் என்று ஜீவா சொன்னாள். அதைக் கேட்டபோது பானுப்பிரியாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு, லாக்கரில் இருந்த சாமான்களை எடுக்கப் போன அன்றைக்குக் கேட்டிலேயே போய்விட்டது. லட்சுமணன் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா பானு? மொதல் தபாவும் கேக்கல, ரெண்டாவது தபாவும் கேக்கல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எத்திராஜ் சொல்லிகினு திரியறான். இந்த வேலையும் பூட்டா நான் எங்க போவேன்?"

"உங்களுக்காகத்தான் அண்ணே..."

"எனுக்காகவா? எனுக்கு ஓணும்னா அன்னிக்கி விசாரணையில சொல்லியிருக்கணும்."

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அகல்யா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். கையில் போன், யாரோ எடுத்த வீடியோ அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. காபி வேண்டாம் என்றுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தபாவும் நீ ஒரே மாதிரிதான் பண்ணிகிற பானு. அன்னிக்கி பாத்தா அது மெய்யின்னு தோணிச்சி. இத்த பாத்தா இது மெய்யின்னு தோணுது. அவரு சொன்னதையே நான் சந்தேகப்பட்டேன்னா பாத்துக்கயேன். நீ பக்கத்துலதான நின்ன? இன்னா பாத்த?"

"அண்ணி, எத்திராஜ் இப்டி வந்து..." பானுப்பிரியா எழுந்து கையை நீட்டினாள்.

"எழுந்துக்காத. உக்காந்துகினு சொல்லு."

உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். டேப் ஒட்டியதைச் சொன்னாள். லட்சுமணனின் போன் லாக்கரில் இருந்ததைச் சொன்னாள். விசாரணையில் பார்க்கவில்லை என்று பொய் சொன்னதைச் சொல்லும்போது வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை. முடிந்ததும் அகல்யா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இத்த ஆபீஸ்ல வந்து சொல்வியா?"

"சொல்றேன் அண்ணி."

அடுத்த மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் சொன்னாள். அதற்குள் ஆவடிப் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி இரண்டு மூன்று முறை, "கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா" என்றார். கம்பெனி வக்கீல், நாடகம் போடுகிறவர்தானே நீங்கள், முதலில் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவரும் நீங்கள்தானே என்று கேட்டார். "ஆமாம்" என்றாள். விசாரணையை இன்னொரு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. மூன்று பேரும் பஸ் ஸ்டாப் வரை ஒன்றாக நடந்தார்கள். அகல்யா அவள் தோளைத் தொட்டு, "சாப்ட்டுட்டுப் போ" என்றாள். லட்சுமணன் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார். பஸ் வந்து அவள் படியில் காலை வைக்கும்போதுதான் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"அடுத்த தபா இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு பானு."