பதினொரு நாள் குடித்தனம்

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் கனடாவில் வெல்டர். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கியிருந்தார். கல்யாணத்துக்கென்று எடுத்துவந்த லீவில் பாதி, பெண் பார்க்கவும் பத்திரிகை அடிக்கவும் போய்விட்டது. தாலி ஏறியபோது ஆடி பிறக்கப் பதினொரு நாள்தான் இருந்தது.

பெருநகர் என்கிற கிராமத்தில் மாமியார் வீட்டில் அந்தப் பதினொரு நாள் இருந்தேன். ஆடி முதல் நாள் காலையில் அம்மாவும் அண்ணனும் சீர்த்தட்டோடு வந்தார்கள். புதுப்பெண்ணை ஆடியில் புருஷனோடு விடமாட்டார்கள். அப்போது கரு நின்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன்.

ஒருநாள் அவர் பைக்கில் வந்தார். அம்மா வாசலிலேயே மோர் கொடுத்தாள்.

"இன்னா மாப்ள, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்ல அத்த. இந்தப் பக்கம் ஒரு வேல."

"வேலய பாத்துக்கினு கெளம்புங்க. ஊரு சிரிக்கும். ஆடி முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுடறேன்."

ஆடி இருபத்தேழாம் நாள் அவருக்கு விமானம். அது அம்மாவுக்கும் தெரியும். அன்று என்னைப் பெருநகருக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டத்தோடு நின்று வழியனுப்பினேன். தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே போனதும் என்னைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டார். நான் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். கல்யாணம் நிஜம்தான் என்று நாங்கள் காட்ட வேண்டுமாம். உத்திரமேரூர் கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாக் காகிதமும் கொடுத்தேன். பதிவுச் சான்று இருந்தது. போட்டோவில் ஊரே இருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த படம் நாலு. போனில் எழுதிக்கொண்டதையும் கேட்டார்கள். சென்டர்க்காரர் என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? சாப்டியா, சாப்ட்டேன். சாப்டியா, சாப்ட்டேன். நீ இன்னா ஓட்டலா வச்சினு கீற?"

"மத்ததெல்லாம் வாயாலதான் பேசுவோம் சார்."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரு வார்த்த கீதா பாரேன்."

இல்லை. இருந்ததை அச்செடுத்து அனுப்பினார்.

பிறகு போனில் விசாரணை என்று நாள் குறித்தார்கள். மாமனார் அன்று வயலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்க்கார் காரியம், பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். ஒரு பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"திருமணத்திற்குப் பிறகு கணவருடன் எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தீர்கள்?"

"பதினோரு நாளுங்க."

"அதன் பிறகு?"

"அம்மா வூட்டுக்குப் போய்ட்டேன்."

"கணவர்?"

"அவங்க வூட்லதான் இருந்தாரு."

"ஏன் பிரிந்தீர்கள்? சண்டையா?"

"பிரியலங்க. ஆடி."

அதிகாரிக்குப் புரியவில்லை, விளக்கிச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

சொல்ல ஒரு வரிதான். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படுக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் மாமனார். அவர் எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே அன்றுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போக அவருக்குத் தோன்றவில்லை. போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது வழக்கம்ங்க" என்றேன்.

"என்ன வழக்கம்?"

"வழக்கம்தாங்க."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

பதில் வந்தபோது சென்டர்க்காரர் படித்துச் சொன்னார். விமானம் ஏறும் வரை முப்பத்தெட்டு நாளும் சேர்ந்து வாழ்ந்ததாகக் கணவர் எழுதியிருக்கிறார். மனைவி பதினொரு நாள் என்கிறார். மீதிக்கு விளக்கம் இல்லை. கல்யாணம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை. மறுத்துவிட்டார்கள்.

அன்றே அவரிடம் பேசினேன்.

"இன்னாமே சொன்ன அவன்கிட்ட?"

"நடந்தத சொன்னேன்."

"நான் முப்பத்தெட்டுன்னு எழுதிக்கிறேனே."

"என்கிட்ட சொல்லலியே. ஏன் அப்டி எழுதினீங்க?"

"தாலி கட்டின பன்னண்டாம் நாளே பொண்ணு அம்மா வூட்டுக்குப் போய்ட்டான்னு எழுதினா அவன் இன்னா நெனைப்பான்? வாழாம போய்ட்டான்னு நெனைக்க மாட்டான்?"

அவர் மானத்துக்குப் பயந்து எழுதியிருக்கிறார். நான் மானத்துக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். இரண்டும் சேர்ந்து எங்களைப் பொய்யாக்கிவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறியது. மாமியார் களத்துமேட்டில் யாரிடமோ, என் காதில் விழும்படிதான் சொன்னாள்.

"கவர்மெண்டே நம்பலியாம். நாம இன்னாத்த சொல்றது."

மறுபடி விண்ணப்பம் போடலாம் என்றார் சென்டர்க்காரர். இந்தத் தடவை பெரியவர்கள் யாராவது வழக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாமனார் முடியாது என்றுவிட்டார். அம்மாவிடம் போனேன். சென்டர்க்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். என் மகளும் மருமகனும் உடலால் சேரக் கூடாது என்று நான்தான் அழைத்துவந்தேன் என்று இருந்தது.

"இதயெல்லாமா காயிதத்துல எழுதுவாங்க?" என்றாள் அம்மா.

"எழுதினாத்தான் வுடுவாங்களாம்."

நெடுநேரம் காகிதத்தையே பார்த்தாள். பிறகு கைநாட்டு வைத்தாள். மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணம் ஆகி மூன்று வருஷம் முடிந்துவிட்டது. அவருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது விண்ணப்பம் எழுதும் முன் நான் ஒன்று கேட்டேன்.

"இந்த வாட்டி என்னைக் கேட்டுட்டு எழுதுங்க."

சரி என்றார். பதினொரு நாளையும் நாள் நாளாக எழுத வேண்டியிருந்தது. போனில் இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தோம். முதல் நாள் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது. மூன்றாம் நாள் அவருடைய அக்காள் வீட்டு விருந்து. நாலாம் நாள் எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

"ஆறாம் நாளு பழையசீவரம் மலக்கோயிலுக்குப் போனோம்" என்றார்.

நாங்கள் போகவில்லை. அன்று பைக் அவருடைய தம்பியிடம் இருந்தது.

"போவலாம்னு பேசிக்கினு இருந்தோம். போவல" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு. மேல ஏறி நின்னு ஆத்தப் பாத்தமே."

"இல்லங்க."

"எனக்குப் போன மாதிரியே கீதுமே" என்றார்.

அதை எழுத வேண்டாம் என்றேன்.